பூதக்கண்ணாடி நடத்திய பாசி வழக்கு

"அசல் எது, போலி எதுன்னு இந்தக் கண்ணு ஒரு தடவை பார்த்துச் சொல்லிருச்சுன்னா, அதுக்கு மேல அப்பீல் கிடையாது. இருபத்தாறு வருஷமா இது ஏமாந்ததில்ல. இனிமேலும் ஏமாறாது."

வங்கிக் கிளையின் மேலாளர் மாற்றலாகிப் போன அன்று நடந்த பிரிவுபசார விழாவில், மைக் கைக்கு வந்த நாற்பது விநாடிக்குள் இந்த வாக்குமூலத்தை அளித்தவர், கையெழுத்துச் சரிபார்க்கும் பிரிவின் மூத்த எழுத்தர். மேலாளரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லத்தான் அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் தன் கண்ணைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு இறங்கினார். மேலாளரைப் பாராட்ட ஆதாரம் போதவில்லை என்று பிறகு டீ குடிக்கும்போது விளக்கம் கொடுத்தார்.

கிளையில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைத்திருக்கும் இடத்தில் அவர் ஒரு மடக்குக் கண்ணாடி வைத்திருப்பார். வருகிற காசோலை எதுவானாலும் அதன் கையெழுத்தைக் கோப்பில் உள்ள மாதிரிக் கையெழுத்தோடு வைத்து, சுழி, கொம்பு, கால், புள்ளி என்று அங்கம் அங்கமாகப் பார்ப்பார். இருபத்தாறு வருஷத்தில் போலி என்று அவர் நிறுத்திவைத்தவை பத்தொன்பது. அவற்றில் பதினாறு, கணக்குக்குச் சொந்தக்காரர்களே சொந்தக் கையால் போட்டவை என்று பின்னால் தெரிந்தது. இதனால் அவருடைய கண்ணின் புகழுக்கு ஒரு கீறலும் விழவில்லை. "தன் கையெழுத்தைத் தானே ஒழுங்காப் போடத் தெரியாதவன் பாதி போலிதானே" என்பது அவர் கட்சி. கை முறிந்து கட்டுப் போட்டுக்கொண்டு வந்த பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் இடக்கையால் போட்ட கையெழுத்தை மூன்று முறை திருப்பி அனுப்பினார். நாலாம் முறை ஆசிரியர் அலுத்துப்போய்க் கட்டைவிரல் ரேகை வைத்தார். ரேகையையும் இவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

வீட்டிலும் இதே நிர்வாகம்தான். அழைப்பு மணி அடித்தால் கதவின் துளை வழியாக அரை நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் தாழ்ப்பாளைத் தொடுவார். கடைக்குப் போய்த் திரும்பும் மனைவிக்கும் விதிவிலக்கு இல்லை.

"நான்தாங்க, கதவத் தொறங்க."

"தெரியுது. பக்கத்துல யாரு?"

"என் நிழல்."

இப்படி வாழ்கிற மனிதருக்கு ரத்தக் கொதிப்பு வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, கூடவே, வீட்டில் மீன் வளர்த்துத் தினமும் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் மனசு அடங்கும் என்றார். நல்ல தண்ணீர் மீன்கள் மீது அவருக்கு நம்பிக்கை வரவில்லை. சிலவற்றுக்கு ஊசி வழியாக வண்ணம் ஏற்றி விற்கிறார்கள் என்று எங்கோ படித்திருந்தார். வீட்டுக்குள்ளேயே போலியை நீந்தவிட்டு அதை அரைமணி நேரம் பார்ப்பதாவது. கடல் மீனுக்கு நிறம் பிறவியிலேயே உண்டு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, கூடத்தில் நாலடி நீளத்துக்கு ஓர் உப்புத் தண்ணீர்த் தொட்டியை நிறுவினார்.

அதில் கோமாளி மீன் இரண்டு, மஞ்சள் மீன் ஒன்று, செத்த சங்கின் ஓட்டுக்குள் குடியிருக்கும் நண்டு ஒன்று. தண்ணீரை நீல டிரம்மில் உப்புக் கரைத்து, ஒரு நாள் முழுக்கக் கலக்கி, உப்புமானியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, அளவு சரியாக இருந்தால்தான் உள்ளே ஊற்றுவார். தொட்டிக்கு நடுவில் வைக்கக் கடல்பாறை ஒன்று வாங்கி வந்தபோது அதை வெள்ளைத் தட்டில் கிடத்தி, கண்ணாடியும் கையுமாக இரண்டு மணி நேரம் பரிசோதித்தார். ஒரு புழுவும் வெளியே தெரியாமல் ஒளிந்திருந்த விரல்நகம் அளவு நண்டும் பிடிபட்டன. "பார்த்தேன். வேறு ஒன்றும் இல்லை" என்று தொட்டிக்கான நோட்டுப் புத்தகத்தில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். அப்புறம்தான் பாறைக்கு நீரில் இறங்க அனுமதி கிடைத்தது. அரைமணி நேரம் பார்க்கச் சொன்ன தொட்டியை அவர் நாளுக்கு மூன்று மணி நேரம் கண்காணித்தார். கொதிப்பு ஏறிற்று.

இந்த இடத்தில் மச்சினனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மனைவியின் தம்பி. வயது முப்பத்து நாலு. பேனர் அச்சடிக்கும் கடை வைத்து, அதை இழுத்து மூடிவிட்டு, பத்து நாள் தங்கிப் போவதாக வந்தவன். பத்து நாள் ஆரம்பித்து ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. ஆனால் சும்மா இருக்கவில்லை. லிஃப்ட் பழுது பார்க்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்திருந்தான். மூன்று மாதம் சோதனைக் காலம். தினமும் காலை ஆறரைக்கு அவர்கள் கொட்டகையில் நிற்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் போகலாம் என்பார்கள். கொட்டகை அக்கா வீட்டிலிருந்து நாலு தெரு. அவன் அப்பா வீட்டிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். ஆகவே அவனுடைய பிழைப்பு மொத்தமும் அக்கா வீட்டு முன்னறையில் ஒரு பாயின் மேல் நின்றது.

"எலி வளையானாலும் தனி வளை வேணும்" என்று பூதக்கண்ணாடி தொட்டியில் உள்ள நண்டைப் பார்த்து, முன்னறைக்குக் கேட்கிற குரலில் சொல்வார்.

"அதுவும் அடுத்தவன் கட்டுன வீட்லதாங்க இருக்கு" என்று சமையலறையிலிருந்து பதில் வரும். "அதுக்கு மட்டும் பார்த்துப் பார்த்துச் சோறு போடுறீங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியின் கண்ணாடியை வழித்துக்கொண்டிருந்தபோதுதான், பாறையின் கழுத்தில் அது அவர் கண்ணில் பட்டது. பச்சை உருண்டை ஒன்று. மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. எண்ணெய் தடவித் துடைத்தது போல மினுமினுத்தது. மறு ஞாயிறு மூன்று இருந்தன. அதற்கு அடுத்த வாரம் ஏழு. ஒன்றுக்கும் அனுமதி கொடுத்த ஞாபகம் அவருக்கு இல்லை.

உடனே கோப்பு திறக்கப்பட்டது. மேலட்டையில் "அடையாளம் தெரியாத பாசி" என்று எழுதினார். படம் எடுத்து, கடல் தொட்டி வளர்ப்போர் குழுவுக்கு அனுப்பினார். ஒருவர் நத்தை முட்டை என்றார். ஒருவர் பாறையைத் தூக்கி எறியச் சொன்னார். மூன்றாமவர் போட்டோ நன்றாக வந்திருக்கிறது, என்ன போன் என்று கேட்டார். பதில் போட்ட மூவருடைய முகப்படங்களையும் பூதக்கண்ணாடி பெரிதாக்கிப் பார்த்தார். நத்தை முட்டை என்றவருடைய சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை.

பாறையை விற்ற கடைக்குப் போனார். கடைக்காரர் படத்தை வாங்கிப் பார்த்தார். கண் இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"குமிழிப் பாசி சார்."

"பார்த்த ஒடனே சொல்றீங்களே."

"தெரிஞ்சதச் சொல்றேன்."

"எப்படித் தெரியும்?"

"பதினஞ்சு வருஷமா இதே பொழப்பு சார்."

"அப்ப ஏற்கெனவே பார்த்திருக்கீங்க. உங்க கடையில."

கடைக்காரர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "டாக்டர் காய்ச்சல்னு சொன்னா, காய்ச்சலக் கொண்டாந்து விட்டதே டாக்டர்தானா சார்?"

"சில டாக்டர் விஷயத்துல அதையும் விசாரிக்கணும்."

"இங்க பாருங்க சார். இது அனேகமா பாறையோடயே வந்திருக்கும். கடுகுல கால்வாசி இருக்கும்போது யார் கண்ணுக்கும் சிக்காது. அப்புறம் மாசக்கணக்குல கழிச்சு எட்டிப் பார்க்கும்."

"பாறைய நான் பார்த்தாச்சு."

"சரி சார்."

"ரெண்டு மணி நேரம் பார்த்தேன்."

"சரி சார்."

"வேற எப்படி வரும்?"

கடைக்காரர் பலவகை வாடிக்கையாளர்களோடு குடும்பம் நடத்தியவர். "வேற தொட்டியில நனைஞ்ச கை, வலை, கரண்டி ஏதாவது உள்ள போயிருந்தா வரலாம்" என்றார்.

"கை" என்று இவர் குறித்துக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்குங்க. உள்ள வச்சே உடைச்சிராதீங்க. அது வெறும் தண்ணிப் பை. உடைஞ்சா வித்து பரவி ஒண்ணு நூறாகும்பாங்க. பாறைய வெளிய எடுத்து, அடியோட பேர்த்திருங்க."

இவ்வளவு பொறுப்பாகப் பேசுகிறவர் எதையோ மறைக்கிறார் என்று எழுதிக்கொண்டு வீடு திரும்பினார். ஆனால் கடைக்காரர் மேலிருந்த சந்தேகம் அன்று மாலையே இடம் மாறிவிட்டது. டீ உப்புக் கரித்தது.

அவர் டம்ளரை வைத்துவிட்டு வடிகட்டியை எடுத்தார். முகர்ந்தார். நாக்கால் தொட்டார். கடல். டீ வடிகட்டி கடலுக்குள் போய்வந்திருக்கிறது. முன்னறைக் கொடியில் மச்சினன் சட்டை தொங்கியது. அதன் வலக்கை மட்டும் முழங்கைவரை விறைத்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. போதாக்குறைக்குப் போன மாதம் ஒரு ஓட்டலில் லிஃப்ட் பார்க்கப் போனபோது, அங்கே வரவேற்பறையில் இதேபோலக் கடல் தொட்டி இருந்ததாக மச்சினன் தன் வாயாலேயே சொல்லியிருந்தான். அப்போது அதை அவன் பாராட்டாகச் சொன்னான். இப்போது அது ஒப்புதல் வாக்குமூலம் ஆயிற்று.

மறுநாள் சாயங்காலம் அவர் குளியலறையில் தொட்டியின் வடிகட்டிப் பஞ்சைக் கழுவிக்கொண்டிருந்தார். சமையலறையில் மனைவி தன் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரே சுவர்.

"என்னத்தச் சொல்லச் சொல்ற. அவரு ட்ரெய்னிங்னு ரெண்டு நாள் வெளியூர் போனாரு பாரு, அப்ப நடந்துபோச்சு. பாசி அப்படியே தொட்டிக்குள்ள... ஆமா, நம்ம தம்பிதான் கைய விட்டான். தெனமும் அவரு ஆபீஸ்ல இருந்து வர்றதுக்குள்ள விடுறான்... இன்னும் மூணு உள்ளதான்க்கா இருக்கு... அய்யோ, அவருக்குத் தெரிஞ்சா விசாரணைக் கமிஷன் வச்சிருவாரு."

பூதக்கண்ணாடி பஞ்சைப் பிழிய மறந்து நின்றார். பாசி. அவர் ஊரில் இல்லாத சமயம். தம்பியின் கை. தினமும். குற்றம், நேரம், கருவி, வழக்கம் எல்லாம் ஒரே மூச்சில், சாட்சியின் சொந்தக் குரலில் கிடைத்துவிட்டன. ஏழு இருக்கும்போது மூன்று என்கிறாளே என்று மட்டும் இடித்தது. "சாட்சி எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்கிறார்" என்று ஈரக்கையோடு நோட்டில் எழுதினார். பாசியை ஏன் போட்டார்கள் என்பதற்கு அவர் அதிகம் யோசிக்கவில்லை. அந்தத் தொட்டியை மனைவி சக்களத்தி என்று சொல்வது தெருவுக்கே தெரியும்.

எட்டு மணிக்கு மச்சினன் வேலையிலிருந்து வந்ததும் தாக்கீது கொடுத்தார்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள வேற எடம் பார்த்துக்க."

மச்சினன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மாமா, இன்னும் பதினெட்டு நாள்தான். வேலைய நிரந்தரம் பண்ணிருவாங்க. அப்புறம் நானே போயிருவேன். இப்ப அப்பா வீட்டுக்குப் போனா ஆறரைக்கு எப்படி வர முடியும்? வேலை போயிரும் மாமா."

"அத நீ கைய விடுறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

"எதுல கைய விட்டேன்?"

"விசாரணையில தெரியும்."

விசாரணை ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் கூடியது. கோப்பு, நோட்டு, டீ வடிகட்டி மூன்றும் மேஜைமேல் வரிசையாக வைக்கப்பட்டன. மச்சினனின் பை கட்டி முடித்துக் கதவோரம் நின்றது. அவன் அதன் பக்கத்தில் நின்றான். மனைவி உட்கார மறுத்துவிட்டார்.

"தம்பி ஒண்ணும் பண்ணலங்க" என்றார், கேள்வி வருவதற்கு முன்பே.

"வேலிக்கு ஓணான் சாட்சி" என்றார் பூதக்கண்ணாடி. "நேராக் கேக்குறேன். தொட்டியில பாசி யாரு போட்டது?"

மனைவியும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று அவர் முடிவு கட்ட அதுவே போதும்.

"யாரும் போடல" என்றார் மனைவி மெதுவாக. "அதுவா விழுந்துச்சு."

"அதுவா விழுமா? எங்கேருந்து விழுந்துச்சு?"

"என் கழுத்துலேருந்து."

பூதக்கண்ணாடி பேனாவைக் கீழே வைத்தார். "உன் கழுத்துல எதுக்கு பாசி?"

"கழுத்துல போடாம பின்ன கால்லயா போடுவாங்க? நீங்க வாங்கிக் குடுத்த பச்சைப் பாசிதாங்க. மீனுக்குத் தீனி போடக் குனிஞ்சேன். தொட்டி மூடியில மாட்டி அறுந்து எல்லாம் பொலபொலன்னு தண்ணிக்குள்ள போயிருச்சு."

பச்சை மணி கோத்த அந்த மாலையைப் பிறந்த வீட்டு வழக்கப்படி மனைவி எப்போதும் பாசி என்றுதான் சொல்வார். அவர் மாலை என்பார். இருபது வருஷமாக அந்தச் சொல் அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் சில வாரமாக அவர் மண்டை முழுக்க வேறு பாசி முளைத்திருந்ததால், இந்தப் பாசிக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. தமிழ் ஒரே வார்த்தையை இரண்டு பேருக்கு வாடகைக்கு விட்டது அவர் குற்றம் இல்லை.

"மொத்தம் நாப்பத்தி நாலு மாமா" என்று மச்சினன் வாய் திறந்தான். "நாப்பத்தி ஒண்ண எடுத்துட்டேன். கைக்கு எட்டாதத டீ வடிகட்டியால அள்ளினேன். மூணு எங்கயோ பாறை இடுக்குல போய்ச் சொருகிக்கிச்சு. சாயந்தரம் வேலைக்கு நடுவுல அரைமணி கிடைக்கும்ல, அப்ப வந்து தேடுவேன்."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நூல யாரு வித்தான், முடிச்ச யாரு போட்டான்னு கேப்பீங்க" என்றார் மனைவி. "ஒரு கண்ணாடிப் பாசிக்கு அவ்வளவு எதுக்குன்னு விட்டுட்டேன்."

"கண்ணாடியா? அது அசல் கல்லு. கடையில முக்கால் மணி நேரம் பார்த்து வாங்கினது."

மனைவி மேஜைமேல் இருந்த டீ வடிகட்டியை எடுத்துத் துடைத்தார்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டு டீ கேட்டிருப்பார்கள். பூதக்கண்ணாடி கணக்கைப் பார்த்தார். விழுந்துகிடக்கும் மணிகள் மூன்று. பாறையில் உருண்டை ஏழு. மீதி நாலு யாருடையது? நாலும் உயிருள்ள பாசி. பாறை வந்த அன்று அவை இல்லை. இல்லை என்று அவரே பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதற்கப்புறம் தொட்டிக்குள் போன அன்னியக் கை ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஓட்டல் தொட்டிப் பக்கம் போய்வந்த கை.

"ஓட்டல் தொட்டிய நான் தொடவே இல்ல மாமா. நின்னு பார்த்தேன், அவ்வளவுதான்."

"தொட்டவன் தொட்டேன்னு சொல்வானா? என் கண்ணு பாறையில ஒண்ணும் இல்லன்னு சொன்னிச்சு. அப்ப அது அப்புறம் வந்ததுதான்." அவர் எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டார். "இப்பவே தெரிஞ்சிரும். மூணு எது, நாலு எதுன்னு பிரிச்சு வைக்கிறேன். மூணு உங்க அக்காவோடது. நாலு உன் தலையில."

பாறை வெளியே எடுக்கப்பட்டு வெள்ளைத் தட்டில் கிடத்தப்பட்டது. அவர் இடுக்கியால் ஏழு உருண்டைகளையும் ஒவ்வொன்றாகப் பேர்த்து எடுத்தார். ஒரு மாதம் நீருக்குள் கிடந்ததில் எல்லாவற்றின் மேலும் பழுப்பாக ஒரு படலமும் இளஞ்சிவப்பாகச் சுண்ணாம்புப் பொருக்கும் ஏறியிருந்தன. ஏழும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. மடக்குக் கண்ணாடியை விரித்தார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். விளக்கின் கீழ் பார்த்தார். மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். இப்படி இருபது நிமிஷம் போயிற்று. மஞ்சள் மீன் வந்து, பாறை இருந்த காலி இடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயிற்று.

மூன்றை இடப்பக்கத்துச் சாசரில் வைத்தார். நாலை வலப்பக்கத்தில் வைத்தார்.

"இது மூணும் மணி. மினுமினுப்புலயே தெரியுது, கல்லோட ஒளி உள்ளேருந்து வரும். இது நாலும் பாசி. ஒளி மேலாக்க நிக்கிது. போலி."

"நல்லாத் தெரியுதா?" என்றார் மனைவி.

"எனக்குத் தெரியும்."

மச்சினன் குனிந்து பையின் ஜிப்பை இழுத்து மூடினான். "சரி மாமா. உங்க கண்ணு சொன்னா சரிதான்." அதில் கேலி இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி அவன் முகத்தைத் தேடினார். இல்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும்தான் அந்த முகத்தில் எழுதியிருந்தது.

மனைவி உள்ளே போய், காப்பாற்றி வைத்திருந்த நாற்பத்தோரு மணிகளையும் கோத்து வைத்திருந்த நூலைக் கொண்டுவந்தார். கூடவே ஊசி. மேஜையில் உட்கார்ந்தார்.

"அவன் பொறப்படறதுக்குள்ள மூணையும் கோத்துப் போட்டுக்கிறேன். தேடினவன் கண்ணால ஒரு தடவ பார்த்துட்டுப் போகட்டும்."

இடப்பக்கத்துச் சாசரிலிருந்து ஒன்றை எடுத்து விரல் நுனியில் உருட்டினார். திருப்பினார். மறுபடி உருட்டினார்.

"இதுல ஓட்டையக் காணோமே."

"உப்பு அடைச்சிருக்கும். ஊசியால குத்து."

"ஒரு மாதிரி வழுவழுன்னு இருக்குங்க."

"ஒரு மாசம் தண்ணிக்குள்ள கெடந்தா நீயும்தான் வழுவழுன்னு ஆவே. குத்து."

மனைவி குத்தினார். பொட்டென்று ஒரு சின்னச் சத்தம். மெல்லிய நீர்க்கோடு ஒன்று மேஜைக்குக் குறுக்கே எழும்பி வந்து, பூதக்கண்ணாடியின் மூக்குக்கண்ணாடியில் இடப்பக்கம் விழுந்து, ஒழுகிற்று. மனைவியின் விரலில் பச்சைத் தோல் ஒன்று சுருங்கி ஒட்டிக்கொண்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர் சண்டை போட்டிருக்கலாம்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டார். மனைவியின் கையிலிருந்து ஊசியை வாங்கினார். இரண்டாவது உருண்டையை எடுத்து, மடக்குக் கண்ணாடியை அதன்மேல் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு தானே குத்தினார். அதுவும் பொட்டென்றது. இந்த முறை தண்ணீர் அவர் மணிக்கட்டில் வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

மூன்றாவதில் ஊசி இறங்கவில்லை. வழுக்கிக்கொண்டு போயிற்று. பொருக்கை நகத்தால் சுரண்டினார். துளை இருந்தது. அதை மனைவியின் பக்கம் நகர்த்தினார்.

அப்புறம் மடக்குக் கண்ணாடியை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, வலப்பக்கத்துச் சாசரை இழுத்துக்கொண்டார். போலி என்று தீர்ப்பாகியிருந்த நாலில் ஒன்றை இடுக்கியால் தூக்கினார். தலையைச் சாய்த்து, காதைச் சாசரின் விளிம்புக்கு அருகே கொண்டுபோனார். இடுக்கியைத் திறந்தார்.

டிக்.

அடுத்தது சத்தமில்லாமல் விழுந்தது. மூன்றாவதும் சத்தமில்லாமல் விழுந்தது. நாலாவது டிக் என்றது.

மனைவி சத்தம் போட்ட இரண்டையும் பொறுக்கி எடுத்துச் சுரண்டினார். இரண்டிலும் துளை இருந்தது. நூலில் ஏற்றத் தொடங்கினார். அவர் காதைச் சாசரிலிருந்து எடுக்கவில்லை. அந்த நிலையில் அவர் முகம் யாருக்கும் தெரியவில்லை.

"பாறையோடயே வந்திருக்கும்" என்றார், மேஜையைப் பார்த்து. "கடுகுல கால்வாசி இருந்தா யாருக்குத் தெரியும்."

"யாருக்கும் தெரியாதுங்க" என்றார் மனைவி, முடிச்சுப் போட்டபடி.

பூதக்கண்ணாடி அதே நிலையில் மச்சினனிடம், "அந்தப் பைய ஏன் வழியில வச்சிருக்க? தடுக்குது" என்றார்.

மச்சினன் அக்காவைப் பார்த்தான். "எங்க வைக்கட்டும் மாமா?"

"ஏழு மாசமா எங்க இருந்துச்சோ அங்க."

அவன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குள் போனான். ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது. பூதக்கண்ணாடி மிச்சமிருந்த இரண்டு உருண்டைகளில் ஒன்றை இடுக்கியால் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, மறுபடியும் சாசரில் போட்டுப் பார்த்தார்.